கவச வண்டிக்கு ஒரு தாங்கி

சிவகாசியில் துப்பாக்கி என்று வாயைத் திறந்தால் பொம்மைத் துப்பாக்கியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இது தெரிந்தும் நான் அந்தச் செய்தியை வாட்ஸப்பில் போட்டேன். பழைய காலத்து இயந்திரத் துப்பாக்கி ஸ்டாண்டு யாரிடமாவது இருந்தால் சொல்லவும், எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதி, கீழே என் அச்சகத்தின் எண்ணையும் கொடுத்தேன். மாலைக்குள் பொம்மைத் துப்பாக்கிக்கு ரோல் கேப் செய்கிற கம்பெனிக்காரர்கள் விலைப்பட்டியலை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் அதற்கும் மேலே போய், ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு பொம்மைத் துப்பாக்கியை இந்த சீசனுக்கு விடப்போவதாகவும், யோசனை கொடுத்த நானே அட்டைப்பெட்டி ஆர்டரையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மறுநாள் காலையில் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் அச்சகத்து வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்களுக்கு எங்கள் கவச வண்டியின் படத்தைக் காட்டினேன். முறைத்துக்கொண்டு வந்தவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது ஓடுமா என்று கேட்டார்கள். ஓடும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும். வண்டியில் எல்லாம் இருந்தது. துப்பாக்கி வைக்கிற இடம் மட்டும் முன்பல் போன வாய் மாதிரி வெறுமையாக இருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து இலகு ரகக் கவச வண்டி அது. அடிச்சட்டமும் இன்ஜினும் கனடாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை. அதன்மேல் நம் நாட்டு ரயில் பட்டறை ஒன்றில் கவசத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். நான்கு சக்கரம், திறந்த கூரை, சாய்ந்த மூக்கு. பார்க்கிறவர்கள் எல்லாரும் டாங்கி என்பார்கள். டாங்கி என்று சொன்னால் என் மச்சானுக்குக் கோபம் வரும். போர் முடிந்து ஏலத்தில் போய், பல கை மாறி, ஆலங்குளம் பக்கம் ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் குவாரியில் தண்ணீர்த் தொட்டி சுமந்திருக்கிறது. நாங்கள் பார்த்தபோது கோழிகள் அதற்குள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

மச்சான் என்பது என் அக்காவின் கணவர். ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விருதுநகரில் வீடு. தெரிந்த வியாபாரி ஒருவர் தன்னுடைய மிளகாய் வத்தல் கிட்டங்கியில் பாதியை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மறுபாதியில் வத்தல் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசியிலிருந்து வந்துவிடுவேன். ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை தும்மிவிடுவோம். அப்படித் தும்மித் தும்மித்தான் அந்த வண்டிக்கு உயிர் கொடுத்தோம்.

இன்ஜின் முதல் முறை பிடித்த அன்று, பழைய வண்டிகள் கூடுகிற விழாவுக்கு மதுரைக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. போனோம். மவுண்ட் இல்லாமல் போகவேண்டாமே என்று ஜீப் ஒன்றின் துப்பாக்கி மவுண்டை வாங்கி முன்தகட்டில் பொருத்திக்கொண்டு போனோம். மவுண்ட் என்றால் துப்பாக்கியைத் தாங்கி, நான்கு பக்கமும் திருப்ப விடுகிற இரும்புத் தாங்கி. கூட்டம் எங்கள் வண்டியைத்தான் மொய்த்தது. அப்போது கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, இது ஜீப்புக்கு உள்ளது, இந்த வண்டிக்கு இப்படி வராது, கல்யாண மாப்பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் செருப்பைப் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். மச்சான் மவுண்டின் அடியில் குனிந்து போல்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பியதும் ஜீப் மவுண்டைக் கழற்றி எறிந்தார். வண்டியின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சரியான மவுண்ட் வரும்வரை இதை அவிழ்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், கிட்டங்கிப் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஏலே தம்பி, அந்த இரும்ப எங்கனயாவது தேடிக் குடுத்துருலே. இந்த மனுசன் டிவியில வர்றவுக கூடயெல்லாம் சண்ட போடுதாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் இறங்கிவிட்டது. பட்டாளத்தை விட்டு வந்த புதிதில் அவர் அப்படித்தான் இருந்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வண்டி வந்த பிறகுதான் மனுசனாக நடமாடினார். அந்த நாற்காலிக் காலம் மறுபடியும் வந்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஓர் இரும்புத் துண்டு கிடைத்தால் மனுசன் எழுந்துவிடுவார் என்றால், அதைத் தோண்டியாவது எடுப்பது என்று கிளம்பினேன்.

எதைத் தேடுகிறோம் என்பதில் சந்தேகம் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் இதே ரக வண்டியின் பழைய படங்களை மச்சானுக்கு அனுப்பியிருந்தார். சரியான மவுண்டுக்குக் கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி வளைந்திருக்கும். அடித்தட்டில் நான்கு துளைகள். அவை சதுரமாக இருக்காது. முன்னால் இரண்டும் நெருங்கி, பின்னால் இரண்டும் அகன்று இருக்கும். பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி பதித்திருக்கும், அரசாங்கப் போர்த் தளவாடம் என்பதற்கு அடையாளம். வண்டியின் முன்தகட்டில் அந்த நான்கு துளைகளும் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து அளவெடுத்தேன். என்னுடைய தொழில் அச்சுத் தொழில், அட்டை வெட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசுப் பெட்டி வெட்டுகிற கெட்டி அட்டையில் நான்கு துளைகளையும் துல்லியமாக வெட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எந்த இரும்பைப் பார்த்தாலும் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்துவிடலாம்.

பழைய இரும்புக் கடைகளில் ஒன்றையும் விடவில்லை. விருதுநகர், சாத்தூர், திருத்தங்கல், அருப்புக்கோட்டை என்று அலைந்தேன். பேருந்து அச்சு கிடைத்தது, கரும்பு ஆட்டுகிற இயந்திரத்தின் பல்சக்கரம் கிடைத்தது, பெயர் தெரியாத இரும்பெல்லாம் கிடைத்தது. நான் கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் எதுவும் அதிக நாள் தங்காது, லோடு சேர்ந்ததும் உருக்குவதற்குப் போய்விடும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். நான் தேடுகிற சாமான் எப்போதோ கம்பியாகி யார் வீட்டுக் கூரைக்குள்ளோ போயிருக்கலாம்.

வழி பிறந்தது என் அச்சகத்திலேயேதான். ஆயுத பூசைக்கு முந்தின வாரம் எந்திரங்களைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தோம். பெரிய எந்திரத்தின் அடியிலிருந்து ஒரு ஸ்பானரைப் பையன்கள் இழுத்து எடுத்தார்கள். அது தொலைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அதற்காக ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சண்டையெல்லாம் நடந்திருக்கிறது. அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, பூசைக்கு வைக்க வேண்டிய சாமான்களோடு சேர்த்தபோது எனக்குச் சுரீர் என்று உறைத்தது. வருடம் முழுவதும் மூலையில், மூட்டைக்கு அடியில், பரணில் கிடக்கிற இரும்பெல்லாம் இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் வெளியே வருகிறது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலுக்கு நேராக அடுக்கி வைக்கிறார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுப் பொரிகடலை வேறு கொடுக்கிறார்கள். இதை விட்டுவிட்டு நான் துருப்பிடித்த குவியலுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் சுற்றிய சுற்றை என் பைக் மறக்காது. எங்கள் அச்சகத்துப் பூசையை விடியலிலேயே முடித்துவிட்டு, லேத்துப் பட்டறை, வெல்டிங் கடை, மோட்டார் காயில் கட்டுகிற இடம், தறிப்பட்டறை என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் வாசலிலும் போய் நின்றேன். இதற்கு முன்னால் எட்டிக்கூடப் பார்க்காத நான் பூசைக்கு வந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம். ஒரு கையால் சுண்டலை வாங்கிக்கொண்டு, கண்ணால் சாமான்களை மேய்வேன். சாத்தூரில் ஒரு வெல்டிங் கடையில் வாழை இலைமேல் வளைந்த கழுத்தோடு ஒன்று நின்றது. அட்டையை எடுத்து வைத்தேன். துளைகள் பொருந்தவில்லை. கடைக்காரர் வந்து, அது பழைய சலூன் நாற்காலியின் கால் என்றார். எனக்குச் சவரம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

மதியம் ஆகிவிட்டது. பாக்கெட் நிறையப் பொரி, வயிறு நிறையச் சுண்டல், மனசுக்குள் எரிச்சல். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் என்னிடம் லேபிள் அச்சடிக்கிற பட்டாசு ஆலை முதலாளி ஒருவர் பூசைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். பல வருடத்து வாடிக்கையாளர், போகாமல் இருக்க முடியாது. அங்கே மவுண்ட் இருக்கும் என்று நினைத்துப் போனேனா என்றால், கனவில்கூட இல்லை. இந்தப் பக்கத்துக்காரன் எவனும் இரும்பைத் தேடிப் பட்டாசு ஆலைக்குப் போகமாட்டான். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும். அதனால் வெடிமருந்து இருக்கிற அறையில் இரும்பு ஆகாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய சேதி. அத்தனை மாதம் நான் அலைந்ததில் வழியில் கடந்துபோன பட்டாசு ஆலைகளுக்குக் கணக்கே இல்லை. ஒன்றின் வாசலில்கூட வண்டியை நிறுத்தியதில்லை. வெளியூர்க்காரன் எவனாவது தேடியிருந்தால் முதல் வாரமே உள்ளே போய்ப் பார்த்திருப்பான்.

வாசலில் போன், சாவிக்கொத்து, செருப்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். சட்டைப் பையில் அட்டை மட்டும் மிஞ்சியது. அட்டையால் என்ன ஆபத்து. பூசையில் பித்தளைக் கரண்டிகள், மரச் சுத்தியல்கள், சல்லடைகள், பிளாஸ்டிக் வாளிகள் என்று அடுக்கியிருந்தார்கள். பார்ப்பதற்கு ஆயுத பூசை மாதிரியே இல்லை, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி இருந்தது. கற்பூரம்கூடக் கொஞ்சம் தள்ளி, வேலிக்கு வெளியேதான். விழுந்து கும்பிட்டுவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு, திரும்பி நடந்தேன்.

வாசலை ஒட்டித் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் இருந்தன. பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தூண். தூணின் தலையில் தீயணைக்கிற தண்ணீர்க் குழாயின் முனையை ஓர் இரும்புத் தாங்கி பிடித்துக்கொண்டு நின்றது. சிவப்புப் பெயிண்டு. நெற்றியில் வைத்த மாதிரி சந்தனமும் குங்குமமும். கழுத்து வாத்துக் கழுத்தாக வளைந்திருந்தது.

நான் அசையாமல் நின்றேன். மெல்லப் போய்க் குனிந்தேன். அடித்தட்டில் நான்கு போல்டுகள், முன்னால் நெருங்கி, பின்னால் அகன்று. அட்டையை எடுத்து நட்டுகளின்மேல் வைத்து அழுத்தினேன். நான்கு போல்டு முனைகளும் நான்கு துளைகள் வழியாக எட்டிப் பார்த்தன. பக்கவாட்டில் பெயிண்டுக்கு அடியில் விரலை ஓட்டினேன். அம்பு தட்டுப்பட்டது. படம் எடுக்கப் போனைத் தேடினால் போன் வாசலில் இருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பூசையில் இருந்தவர்கள் எல்லாரும் எனக்கு எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

முதலாளியிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. பம்பு வாங்கியபோது பழைய சாமான்களோடு சேர்ந்து வந்தது, அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேயே நிற்கிறது என்பது தவிர அவருக்கு எதுவும் தெரியாது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தண்ணீர் விஷயத்தில் தான் தலையிடுவதில்லை என்று சொல்லி, கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு பெண்மணியைக் கைகாட்டினார்.

நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒடிசலான உடம்பு. பட்டாசுக் கட்டு சுற்றுகிற வேலை. கூடவே பம்பு, வாளி, மணல், இந்தக் குழாய் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பம்பைப் போட்டுவிட்டு ஒரே ஒரு கையால் தாங்கியைத் திருப்பிக் காட்டினார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அது கிழக்குக் கடைசி அறையிலிருந்து மேற்கு வேலி வரைக்கும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கோடையில் வேலியோரக் காய்ந்த புல்லில் தீப்பிடித்து அறைப்பக்கம் வந்திருக்கிறது. எல்லாரும் பின்வாசல் வழியாக ஓடியபோது, இவர் குழாயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அன்னைக்கு நான் ஒத்தையாத்தான் நின்னேன் அண்ணாச்சி. இது பேச்சக் கேட்டுச்சு. இத நீங்க எடுத்துட்டுப் போயிட்டீகன்னா நான் எத நம்பி நிக்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தை முழுசாக ஒரு நிமிடம் அனுபவிக்கவிடாத அந்த நியாயத்தின்மேல். இதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்தால் தருவீர்களா என்று கேட்டேன். கொண்டுவாருங்கள், திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

விருதுநகருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மச்சான் நாற்காலியில்தான் இருந்தார். டிவியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மவுண்ட் கிடைத்துவிட்டது என்று வாசலிலிருந்தே சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. அட்டை உட்கார்ந்ததைச் சொன்னேன். டிவி நின்றது. அம்புக்குறியைச் சொன்னேன். அவர் எழுந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து, கிட்டங்கிக்குப் போட்டுப் போகிற பழைய பூட்ஸைத் தேட ஆரம்பித்தார். அக்கா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான்.

அதற்குப் பிறகு அந்த மனுசனை வீட்டில் பிடிக்க முடியவில்லை. மறுநாளே ஆலைக்குப் போய், வெறுங்கையால் மவுண்டைத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பார்த்தார். என் அச்சகத்து அட்டையில் பாகம் பாகமாக வரைந்துகொண்டார். மரத்தில் அச்சு செதுக்கி, வார்ப்படம் ஊற்றி, தெரிந்த லேத்துக்காரரின் தலைமாட்டிலேயே நின்று கடைய வைத்தார். அசல் போலவே இருக்கவேண்டும், அந்த நான்கு போல்டுகளிலேயே உட்கார வேண்டும் என்பதில் மயிரிழை விடவில்லை. தார்ப்பாயை அவிழ்த்தாயிற்று. நான் ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கிக்குப் போனால் வாசலுக்கு வெளியிலேயே அவர் தும்முவது கேட்கும். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், கழுத்தின் வளைவு சரியாக வந்திருக்கிறதா என்று பார் என்பார். எனக்கு அது போதும்.

தீபாவளி முடிந்து, சில வாரம் மூடியிருந்த ஆலையை மறுபடியும் திறக்கிற சமயத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். அறைகளில் மருந்து இல்லாத நேரம், இரும்புச் சாமான்களோடு உள்ளே போகத் தடையில்லை. அந்தம்மாவும் வந்திருந்தார். மச்சான் ஸ்பானரைப் போட்டு நான்கு நட்டுகளையும் கழற்றி, பழைய மவுண்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நான் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். கனம் தொடையை அழுத்தியது. எனக்கு உலகத்தையே மடியில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. வண்டி முழுமையாகிவிட்டது, மச்சான் எழுந்துவிட்டார், வேறென்ன வேண்டும்.

புதியது தூணில் ஏறியது. பம்பைப் போட்டார்கள். அந்தம்மா கையை வைத்துத் திருப்பினார். திரும்பியது. கிழக்கிலிருந்து மேற்கு, மேற்கிலிருந்து கிழக்கு. முதலாளி கைதட்டினார். தண்ணீரை முழு வேகத்துக்கு வைக்கச் சொன்னார் மச்சான். வைத்தார்கள். இப்போது பாதி வட்டத்தில் ஒரு சின்னத் திக்கல். அந்தம்மா இன்னொரு கையையும் கொண்டுவந்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளினார். போயிற்று. மச்சான் நிறுத்தச் சொல்லி, கிரீஸ் வைத்து, நட்டைத் தளர்த்திக் கொடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் இரண்டாவது கை வந்தது.

எப்படி இருக்கிறது என்று மச்சான் கேட்டார்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்குண்ணே. பரவாயில்ல, பழகிரும்" என்றார் அந்தம்மா. நாங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார்.

மச்சான் கிரீஸ் பட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எண்பது வருடமாகத் திரும்பித் திரும்பித் தேய்ந்த இரும்பின் வழுக்கலை லேத்தில் கடைந்து கொண்டுவர முடியாது. அது அவருக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் மடியில் இருந்ததை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவர் என்னிடம் வந்து கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எத்தனை ஊர் அலைந்தேன், எத்தனை பேர் வாசலில் சுண்டல் தின்றேன், அசல் இல்லாமல் தார்ப்பாயை அவிழ்க்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது யார், இப்போது அசலைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போகவா என்றெல்லாம் கத்தினேன். அந்தம்மாவே பரவாயில்லை என்கிறார், உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழகிரும்னு சொல்லுதாக மாப்ள" என்றார் மச்சான். சத்தம் ஏறவே இல்லை. "அவுக பழகுற வரைக்கும் தீ காத்துக்கிட்டு இருக்குமா?"

மடியிலிருந்து நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தூணில் ஏற்றி, நான்கு நட்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி, துணியால் ஒரு தடவை துடைத்தார். பம்பு ஓடியது. அந்தம்மா ஒரு கையை வைத்தார். கடைசி அறையிலிருந்து வேலி வரைக்கும் தண்ணீர் ஒரு திக்கல் இல்லாமல் போய்வந்தது. அவர் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். முதல் முறையாகப் பல் தெரிய.

திருத்தங்கல் தாண்டும்வரை நான் மச்சானோடு பேசவில்லை. அவர் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். அந்தப் பாட்டு என்னை இன்னும் எரிச்சலாக்கியது. பிறகு, எந்த இடம் என்று தெரியவில்லை, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாவட்டம் முழுக்க இரும்பு தேடி, இரும்பே ஆகாத இடத்தில் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை அங்கேயே முறுக்கி வைத்துவிட்டு, பொரிமூட்டை மாதிரி மடியில் நகலைக் கட்டிக்கொண்டு போகிற இரண்டு கிறுக்கர்களை வேறு எங்கே பார்ப்பது.

நேராகக் கிட்டங்கிக்குத்தான் போனோம். புதிய மவுண்டின் அடியில் 'நகல்' என்று புள்ளி புள்ளியாக ஆணியால் குத்தினார்; நாளைக்கு யாரும் அசல் என்று ஏமாந்துவிடக் கூடாதாம். வண்டியின் முன்தகட்டில் அதை வைத்தார். சுத்தியல் தேவைப்படவில்லை, நான்கு போல்டுகளும் விரலாலேயே இறங்கின. அவ்வளவு காலம் பொக்கையாக இருந்த இடத்தில் வாத்துக் கழுத்து நிமிர்ந்து நின்றதும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இந்த மவுண்ட் தாங்கப்போவது மரத்தில் செய்த துப்பாக்கியைத்தான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் யாருக்கு என்ன.

அக்கா சோற்றுத்தூக்கோடு வந்துவிட்டாள். காலையில் போனவர்கள் மூன்று மணி வரைக்கும் சாப்பிட வரவில்லையென்றால் அவள் வீட்டில் இருக்கமாட்டாள். வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்று, மவுண்டைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள்.

"கெடச்சுருச்சா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் பதில் சொல்லிவிட்டார்.

"கெடச்சுருச்சு. நல்ல எடத்துல இருக்கு" என்றார். பிறகு தூக்கைத் திறந்து என்ன குழம்பு என்று பார்த்துவிட்டு, வண்டியின் கவசத் தகட்டில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்கும் சேர்த்துத் தட்டு வைக்கச் சொன்னார்.